சுழி

காலை ஆறரைக்கே வந்துவிடுவார்கள்
சட்டைக்குள், அக்குள் சூட்டில் பொத்திய புட்டியோடு.
காப்பித்தூள் புட்டி. இருமல் மருந்துப் புட்டி.
ஒருமுறை, குழந்தை உணவுப் புட்டி.
லேபிளில் சிரிக்கும் குழந்தையை
யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.
வாய் மட்டும் மிச்சம்.

லிமோன் மாகாணத்தில் ரயில் முடிகிற ஊர்.
ஆய்வகம் என்பது ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி,
மின்சாரம் போனால் வெயிலைப் பிடித்துத் தர
ஒரு சவரக் கண்ணாடி.
என் வேலை எண்ணுவது.
சில்லில் கீறிய கட்டங்களுக்குள்
வால் துடித்து ஓடுவதைப் பார்த்து
இடது கையால் எண்ணும் பொறியைத் தட்டுவது.
கப்பல்காரர்களுக்கு எண்ணிய நாட்களில்
கட்டைவிரல் நோகும்.
தோட்டத்து ஆண்கள் வரத் தொடங்கிய பிறகு
பொறியில் எறும்பு கூடு கட்டியது.

மருந்து குத்தியவர்கள் எல்லோரும்.
ஊன்றுகோல் மாதிரி ஓர் ஊசி;
வாழை மூட்டருகே மண்ணில் இறக்கி மிதித்தால்
ஒரு மடக்கு உள்ளே போகும், வேர்ப்புழு சாகும்.
சேறு அடைத்தால் முனையை வாயால் ஊதுவோம் என்றார் எலியேசர்,
பல்லுக்கு என்ன பொடி என்று சொல்வதுபோல.

வெட்டிச் சாய்த்தாலும் பக்கத்தில் கன்று நிற்கும்.
வாழையடி வாழையாக என்று வாழ்த்துவது
அந்த மரத்தைப் பார்த்துத்தான்.
அதன் அடியில்தான் இவர்கள் வருடக்கணக்காய்
குனிந்து நின்றார்கள்.

வழக்கறிஞரின் தாளில் மூன்று கட்டங்கள்:
குறைவு. மிகக் குறைவு. இல்லை.
இல்லை என்பதற்குத்தான் தொகை அதிகம்.
அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கேள்வி:
வேலைக்குச் சேர்ந்தபின் பிறந்த பிள்ளைகள் எத்தனை?
ஒன்று இருந்தாலும் தொகை கடைசி வரிசைக்கு இறங்கிவிடும்.

வில்பர்த் ஒபாண்டோ மூன்றாவது முறை வந்தபோது
கூட ஒரு பெண் குழந்தை. நான்கு வயது இருக்கும்.
மரியெலோஸ், என்றது தானாகவே.
உச்சியில் சுழி.
அங்கிருந்து முடி நட்டுக்கொண்டு நிற்கிறது.
அவர் எச்சில் தொட்டு அழுத்துகிறார்,
எழும்புகிறது, அழுத்துகிறார்.
அவருடையது கோரைமுடி, ஒரு வளைவு கிடையாது.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

சும்மா இருக்கட்டும் என்று
பொறியைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு
நுண்ணோக்கியில் குனிந்தேன்.
நிலா வெளிச்சத்து வயல் மாதிரி வெறும் கட்டங்கள்.
முதல் சில்லு. இரண்டாவது.
பின்னால் டக் டக் டக்கென்று
அவள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

சுழிதான், என்றேன்.
தெரியும், என்றார்.
பதினேழு வயதில் ஊசி பிடித்தவன், நீதியா.
இவள் வயிற்றில் இருந்தபோதே தெரியும்.

பேனாவைக் கீழ்க் கேள்வியின்மேல் வைத்து
சொல்லாமல் காத்திருந்தேன்.
பிள்ளைகள் இல்லை என்று எழுதினால்
அது பொய்யும் இல்லை, கூரைக்குத் தகரமும் வரும்.

ஒன்று, என்றார்.
கொஞ்சம் சத்தமாகவே. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள்
திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.
பெயரும் எழுதணுமா?

பெயருக்கு இடம் இல்லை தாளில்.
ஓரத்தில் எழுதினேன்.

அவர்கள் போனபின் பொறியைத் துடைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு என்று நின்றிருந்தது.
அன்று முழுக்க அதைச் சுழிக்குத் திருப்பவில்லை.
மறுநாள் ஆறரைக்கு அடுத்த புட்டி வந்தது,
திருப்ப வேண்டியிருந்தது.